தாய்மாமன் தட்டில் வைத்த மாம்பழம்

ஒன்பது வருடத்துக்கு முன்னால், ஒரு வைகாசியில், அக்கா மகளுக்குக் காதுகுத்து. உசிலம்பட்டிப் பக்கம் மச்சான் வீட்டுக் குலசாமி கோயில். தாய்மாமன் நான் ஒருத்தன்தான் என்பதால் சீர்த்தட்டு மொத்தமும் என் தலையில். இருபத்தொரு தட்டு. அதில் ஐந்து தட்டு மாம்பழம். மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி எல்லாம் ஒரே நிறம். வரிசை வரும்போது பார்த்தவர்களெல்லாம் "பரவாயில்லையே" என்றார்கள். எனக்கும் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது.

பந்தி முடிந்து வேப்ப மரத்தடியில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, மச்சானுடைய பெரியப்பா மடியிலிருந்து பேனாக்கத்தியை எடுத்து ஒரு பழத்தைக் கீறினார். மேலே மஞ்சள், உள்ளே வெள்ளை. ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு ஒற்றைக் கண்ணைச் சுருக்கினார்.

"நல்லாத்தேன் பெயிண்ட் அடிச்சு வாங்கியாந்திருக்கீக மாப்ள."

சுற்றியிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்த வாக்கியம் இன்றைக்கும் எங்கள் சொந்தபந்தத்தில் புழக்கத்தில் இருக்கிறது. யாராவது புதுச் சட்டை போட்டு வந்தால்கூட "பெயிண்டா, பழமா?" என்று என்னைப் பார்த்துக்கொண்டே கேட்பார்கள்.

அன்றைக்குப் பூவும் என் மானத்தை வாங்கியது. முதல் நாள் காலை பதினோரு மணிக்குக் கட்டி வைத்திருந்த மல்லிகைச் சரத்தை மொத்தமாக வாங்கி, பிளாஸ்டிக் பையில் இறுக முடிந்து, ராத்திரி முழுக்க வீட்டில் வைத்திருந்தேன். மறுநாள் பிரித்தால் புளித்த வாடை. இதழ் ஓரமெல்லாம் பழுப்பு. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அக்கா ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அதுதான் பெரிய திட்டு.

பிறகு யோசித்துப் பார்த்ததில் தப்பு எங்கே என்று புரிந்தது. ஒரே நாள், ஒரே பொழுது, ஒரே நடையில் எல்லாவற்றையும் வாங்கியிருக்கிறேன். மாம்பழம் ஐந்து நாள் கேட்கும். மல்லிகைக்கு ஐந்து மணி நேரமே அதிகம். எந்த மாசத்தில் எது கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். எந்த மணிக்குப் போய் நிற்க வேண்டும் என்பது பட்டவனுக்குத்தான் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று படித்தோம். மதுரையில் அந்தப் பெயரை நம்பி யாரும் வெளியே கிளம்ப மாட்டார்கள். நடுவில் அக்னி நட்சத்திரம் வேறு. ஆனால் மாசி கடைசியிலிருந்து வைகாசி வரைக்கும் தெருவில் வந்து இறங்குகிற சரக்கைப் பார்த்தால், இளவேனில் என்று பெயர் வைத்தவர் சந்தைக்குப் போய்விட்டு வந்து வைத்திருப்பாரோ என்று தோன்றும்.

முதலில் தலைகாட்டுவது மாவடு. மாசி, பங்குனியில் கூடைக்காரர்கள் தெருவில் கூவிக்கொண்டு வருவார்கள். அழகர்கோயில் மலைப்பக்கத்து உருண்டை வடு என்றால் அம்மா வாசலுக்கே வந்துவிடுவாள். வடு வாங்குவதில் ஒரே ஒரு விஷயம்தான்: மரத்தில் பறித்ததா, காற்றில் விழுந்ததா? பறித்ததில் காம்பு இருக்கும். விழுந்ததில் காம்பு இருக்காது, ஒரு பக்கம் கன்றிப் போயிருக்கும். கூடையில் மேலே காம்போடு பரப்பி, கீழே விழுந்ததைப் போட்டிருப்பார்கள். அதனால் அளப்பதற்கு முன்னால் கையை அடிவரைக்கும் விட்டுக் கிளறிப் பார்க்க வேண்டும். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். அடிபட்ட வடு நாலே நாலு உள்ளே போனாலும் ஜாடி முழுக்கக் கொழகொழத்துவிடும். அம்மா கழுவித் துடைத்து, விளக்கெண்ணெய் ஒரு கை புரட்டி, கல்லுப்பு, மஞ்சள், கடுகுப்பொடி, மிளகாய்ப்பொடி என்று அடுக்குவாள். விளக்கெண்ணெய் எதற்கு என்று கேட்டால் "தோல் சுருங்கினாலும் மெதுவா இருக்கும்டா" என்பாள். தினமும் ஒரு தடவை ஜாடியைக் குலுக்குவது மட்டும் என் வேலை.

வேப்பம்பூவைக் காசு கொடுத்து வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். பங்குனி, சித்திரையில் எந்தத் தெருவில் வேப்பமரம் இல்லை? பொழுது விடியும் முன்னால் மரத்தடியில் பழைய வேட்டியை விரித்து வைத்தால், வெயில் ஏறுவதற்குள் ஒரு படி உதிர்ந்து கிடக்கும். நிழலில் காய வைத்தால் வருஷம் பூராவும் ரசத்துக்கு ஆச்சு. வாங்கித்தான் ஆக வேண்டும் என்கிறவர்கள் பாக்கெட்டைக் குலுக்கிப் பாருங்கள். பூவைவிடக் காம்புதான் அதிகம் சத்தம் போடும்.

தர்பூசணி பற்றி நான் நீட்டப் போவதில்லை. தரையில் படுத்திருந்த பக்கம் நல்ல மஞ்சளாக இருக்க வேண்டும், வெள்ளையாக இருந்தால் முன்கூட்டி அறுத்தது. கொடிக் காம்பு காய்ந்திருக்க வேண்டும். தூக்கினால் அளவுக்கு மீறிக் கனக்க வேண்டும். தட்டிப் பார்க்கிற வித்தை எனக்கு இன்றுவரை கைவரவில்லை. கடைக்காரர் தட்டினால் ஒரு சத்தம், நான் தட்டினால் வேறு சத்தம். 2025 கோடையில் பழத்துக்கு ஊசி போட்டுச் சாயம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு பரவி, வியாபாரம் படுத்து, பயிர் போட்டவர்கள் வயலிலேயே பழத்தை வைத்துக்கொண்டு கலங்கிப் போனார்கள். அந்தச் சிவப்பு, தக்காளியில் இருக்கிற அதே லைக்கோபீன். பழுத்தால் தானாக வருவது. எனக்கு ஊசியைவிட, வெட்டி வைத்து ஈ மொய்க்கிற துண்டுதான் பயம். முழுப் பழமாக வாங்கி வீட்டில் வெட்டுவதோடு என் எச்சரிக்கை முடிந்தது.

நுங்கு வேறு கதை. அதற்கு நேரம் உண்டு. ரிங் ரோட்டில் வண்டி போட்டிருக்கிறவரிடம் காலை ஒன்பது, பத்து மணிக்குப் போனால், விடியலில் இறக்கிய குலை அப்படியே இருக்கும். மத்தியானம் போனால் எல்லோரும் பொறுக்கிவிட்டுப் போன மிச்சம். சுளையாக உரித்துப் பாலிதீன் பையில் போட்டு வைத்திருப்பதை வாங்கவே மாட்டேன், எப்போது உரித்தது என்று அவருக்கே தெரியாது. கண் முன்னால் சீவச் சொல்ல வேண்டும். மூன்று கண்ணில் ஒன்றைப் பெருவிரலால் அழுத்தினால், தண்ணீர் ததும்புகிற மாதிரி உள்ளே போக வேண்டும். விரல் முட்டி நின்றால் அது கடுக்காய், அதாவது முற்றிப்போன நுங்கு. "இளசாப் பாத்துக் குடுங்கண்ணே" என்று முதலிலேயே சொல்லிவிட்டால், கடுக்காய் வந்ததை அவரே ஓரமாகத் தள்ளிவிடுவார். சொல்லாதவனுக்கு அது எண்ணிக்கையில் சேர்ந்துவிடும். உரித்த தோலை எறிய வேண்டாம். வேர்க்குருவுக்குத் தேய்த்தால் பவுடரெல்லாம் பக்கத்தில் நிற்க முடியாது.

இப்போது மாம்பழத்துக்கு வருகிறேன். ஒன்பது வருட அவமானம் ஆச்சே.

நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா, சிட்டா நகல் எடுக்க நத்தத்திலிருந்து ஒருவர் வருவார். மாந்தோப்பு குத்தகைக்கு எடுப்பவர். ஒரு சித்திரையில் அவரிடம் பெயிண்ட் கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை. அடுத்த வாரம் வரும்போது இரண்டு காய் கொண்டுவந்து ஜெராக்ஸ் மிஷின் மேலேயே வைத்தார். இரண்டும் பச்சை, இரண்டும் ஒரே பருமன்.

"எது முத்துன காய், சொல்லுங்க பாப்போம்."

எனக்குத் தெரியவில்லை. காம்புப் பக்கம் காட்டினார். ஒன்றில் தோள் இரண்டு பக்கமும் மேலே ஏறி, காம்பு குழிக்குள் உட்கார்ந்திருந்தது. இன்னொன்றில் தோளே இல்லை. காம்பு மூக்கு மாதிரி மேட்டில் நின்றது. "இத எத்தன நாள் வச்சாலும் வதங்கும், பழுக்காது. கல்லு வச்சா நெறம் மட்டும் மாறும். நீங்க வாங்குனது இதுதேன்." பிறகு கடைக்குள்ளிருந்த பக்கெட்டில் தண்ணீர் பிடிக்கச் சொல்லி இரண்டையும் போட்டார். தோள் ஏறியது அடியில் போய் உட்கார்ந்தது. இன்னொன்று மிதந்தது. நகல் எடுக்க வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அன்றைக்கு வியாபாரம் பத்து நிமிஷம் நின்று போனது.

கல் என்பது கால்சியம் கார்பைடு. ஈரம் பட்டால் அசிட்டிலின் வாயு வரும், அது காயின் தோலை மஞ்சளாக்கிவிடும். அந்தக் கல்லில் ஆர்சனிக்கும் பாஸ்பரஸும் கலப்பாக இருக்கும் என்பதால் உணவுப் பாதுகாப்பு விதிகளில் 2011-லேயே அதை வைத்துப் பழுக்க வைக்கத் தடை. மாம்பழம் இயற்கையாகப் பழுக்கும்போது தானே வெளியிடுகிற எத்திலீன் வாயுவை அறைக்குள் விட்டுப் பழுக்க வைக்க அனுமதி இருக்கிறது, 100 பிபிஎம் வரைக்கும், அதாவது காற்றில் பத்து லட்சம் பங்குக்கு நூறு பங்கு. ஆகவே கடையில் "நாங்க கெமிக்கலே சேக்கிறதில்லண்ணே" என்று சொல்வதில் பெரிய பொருளில்லை. காய் முற்றியதா என்பதுதான் கேள்வி. முற்றாத காயை எதில் பழுக்க வைத்தாலும் இனிக்காது.

அதிலிருந்து நான் பழம் வாங்குவதையே குறைத்துவிட்டேன். காயாக வாங்குகிறேன். பெட்டியில் எல்லாம் ஒரே மஞ்சளாக மின்னினால் நகர்ந்துவிடுவேன். தன் போக்கில் பழுத்த பெட்டியில் ஒன்று பச்சை, ஒன்று பாதி, ஒன்று கனிந்தது என்று குடும்பம் மாதிரி கலந்துதான் கிடக்கும். காம்பருகில் மோந்து பார்ப்பேன், வாசனை அங்கேதான் முதலில் வரும். வீட்டில் காம்பைக் கிள்ளி, கவிழ்த்து வைத்துப் பாலை வடிய விட்டுக் கழுவித் துடைப்போம். அந்தப் பால் வாயோரம் பட்டால் புண்ணாகிவிடும். அப்புறம் வைக்கோல் பரப்பிய அட்டைப்பெட்டி. வைக்கோல் இல்லாத வீட்டில் செய்தித்தாள் போதும். நாலிலிருந்து ஆறு நாள். தினமும் ஒரு தடவை திருப்பிப் பார்த்து, கனிந்ததை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று அழுகிப் பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். வீடே மணக்கும். சாப்பிடுவதற்கு அரை மணி நேரம் முன்னால் தண்ணீரில் போட்டு வைப்பது அம்மா பழக்கம்.

எல்லா மாம்பழமும் சித்திரையில் வந்துவிடாது என்பதையும் நத்தத்துக்காரரிடம்தான் படித்தேன். செந்தூரம் முதலில் வரும், அப்புறம் பங்கனப்பள்ளி. இமாம்பசந்துக்கும் மல்கோவாவுக்கும் வைகாசி வரை பொறுக்க வேண்டும். நீலம் கடைசி. சித்திரை முதல் வாரமே "மல்கோவா" என்று யாராவது நீட்டினால், அது மல்கோவாவாக இருக்காது, இருந்தாலும் பிஞ்சாகத்தான் இருக்கும். நத்தம் பக்கம் காசாலட்டு என்று ஒரு ரகம் உண்டு, உருண்டையாக, பெயருக்கேற்ற மாதிரி லட்டு. பெரிய கடைகளில் அதைக் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கி நான் பார்த்ததில்லை. ரோட்டோரச் சாக்கில்தான் கிடைக்கும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தேடி வாங்க வேண்டியது அதைத்தான் என்பது என் கட்சி. இமாம்பசந்த் ரசிகர்கள் சண்டைக்கு வரலாம்.

இந்த வைகாசியில் அதே அக்கா மகளுக்குச் சடங்கு. மண்டபம் திருமங்கலத்தில். அக்கா போனில் தேதியைச் சொல்லிவிட்டு, "தட்டு எத்தன வைப்ப?" என்று கேட்டாள். குரலில் பழைய மாம்பழம் இருந்தது.

இந்த முறை காலண்டரில் பின்னாலிருந்து எண்ணினேன். விசேஷம் ஞாயிற்றுக்கிழமை. மாங்காய் திங்கட்கிழமையே வீட்டுக்கு வந்துவிட வேண்டும். பலா வெள்ளிக்கிழமை. காய்கறி சனிக்கிழமை காலை. பூ ஞாயிறு விடியலில்.

நத்தத்துக்காரர் தோப்பிலிருந்து இரண்டு பெட்டி பங்கனப்பள்ளியும் ஒரு பெட்டி காசாலட்டும் அனுப்பினார். எங்கள் படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில் வைக்கோல் போட்டு அடுக்கினோம். ஆறு நாள் மாந்தோப்பில் தூங்குகிற மாதிரிதான் இருந்தது. பலாவுக்கு என் அளவுகோல் முள்தான். முள் நெருக்கமாக, கூராக இருந்தால் காய். விரிந்து மழுங்கியிருந்தால் பழம். தட்டினால் பொத்தென்று கேட்க வேண்டும். வாசனை ரொம்பத் தூக்கினால் இன்றைக்கே வெட்ட வேண்டிய பழம், நாளை மறுநாளுக்கு ஆகாது. லேசாக வாசனை வருவதாகப் பார்த்து எடுத்தேன்.

தட்டுக்கு ஆப்பிள் வைக்காமல் இருக்க முடியாது என்று என் மனைவி சொன்னாள். நான் முடியும் என்றேன். நம் நாட்டு ஆப்பிள் அறுவடை ஆடி, ஆவணிக்கு மேல்தான். வைகாசியில் கடையில் இருப்பது மாதக்கணக்கில் குளிரறையில் கிடந்ததோ, கப்பலில் வந்ததோதான். அதற்குப் பதில் கம்பம் பன்னீர் திராட்சை வைத்தேன். வருஷம் பூராவும் காய்க்கிற கொடி, 2023-ல் புவிசார் குறியீடும் வாங்கியது. கொத்தைக் காம்பைப் பிடித்து லேசாக உலுக்கினால் நாலைந்துக்கு மேல் உதிரக் கூடாது, காம்பு பச்சையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆப்பிள் காசில் பாதிகூட ஆகவில்லை. கறுப்புத் திராட்சைத் தட்டு விசேஷத்துக்கு ஆகுமா என்று மட்டும் ஒரு பாட்டியம்மா கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

காய்கறியில் சமையல்காரரோடு ஒரு மல்லுக்கட்டு. 150 பேருக்கு அவர் எழுதிய பட்டியலில் முதல் காய் அவரைக்காய். "அண்ணே, அவரை தையோட முடிஞ்சிருச்சே" என்றேன். "காசு குடுத்தா எல்லாம் கெடைக்கும் தம்பி." கிடைக்கும்தான். நார் பிடித்து, இரட்டிப்பு விலைக்குக் கிடைக்கும். வைகாசியில் முருங்கை கொட்டிக் கிடக்கிறது, புடலை இருக்கிறது, பூசணி இருக்கிறது, மாங்காய் இருக்கிறது. கடைசியில் முருங்கைக்காய் போட்ட சாம்பாரும், பூசணிக் கூட்டும், மாங்காய்ப் பச்சடியும் என்று இறங்கி வந்தார். இதே முருங்கைக்காயை மார்கழியில் ஒன்றிரண்டாக எண்ணி வாங்கியது அவருக்கும் நினைவிருந்தது.

வாங்கியது மதுரை அண்ணா நகர் உழவர் சந்தையில். 1999 நவம்பர் 14-ல் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையாகத் திறந்தது இதுதான், அப்போது முதல்வர் கருணாநிதி. விளைவித்தவர்களே அடையாள அட்டையோடு உட்கார்ந்து விற்பார்கள். அன்றன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும், எடைக்கல் தகராறும் இல்லை. ஆனால் எட்டு மணிக்கு மேல் போகிறவர்கள் உழவர் சந்தையைக் குறை சொல்ல யோக்கியதை இல்லாதவர்கள். நான் ஆறு மணிக்கு உள்ளே இருப்பேன். முதலில் ஒரு சுற்று, கையில் பையை விரிக்காமல், பார்த்துக்கொண்டே மட்டும். எந்தக் காய் ஏழெட்டுத் தட்டில் குவிந்திருக்கிறதோ அதுதான் அந்த வாரத்துக் காய். ஒரே ஒருவர் மட்டும் வைத்திருக்கிற காயை நான் தொடுவதில்லை. கீரையை முதலில் வாங்கிவிட வேண்டும், வைகாசி வெயிலில் ஏழரைக்கே தலை தொங்கிவிடும்.

முருங்கைக்காயை இரண்டு கையாலும் பிடித்துத் துணி பிழிவது போல லேசாகத் திருக வேண்டும். வளைந்து கொடுத்தால் சதை. விறைத்தால் விறகு. வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்கிற பழக்கம் எனக்கும் இருந்தது. மேலூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் ஒருநாள் கையைப் பிடித்துவிட்டார். "ஏப்பா, நீ ஒடிச்சுப் போட்டதெல்லாம் யாருப்பா வாங்குவா? கேளு, நாஞ் சொல்றேன் முத்தலா பிஞ்சான்னு." அன்றிலிருந்து ஒடிப்பதில்லை, கேட்பதுதான். விரல் நீளத்துக்கு மேல் போகாததாக, நுனி தானாகவே லேசாக வளைகிறதா என்று பார்த்து எடுத்துக்கொள்கிறேன். கத்தரிக்காயில் பருமனுக்கு எடை குறைவாக இருப்பதை எடுக்கிறேன், கனத்தால் விதை. தொப்பி பச்சையாக, முள் கையில் குத்த வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை. அலாரம் மூன்றரைக்கு. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குள் நுழையும்போது நாலே கால்.

பூ மார்க்கெட்டைக் கண்ணுக்கு முன்னால் மூக்குதான் பார்க்கும். நனைந்த சாக்கின் மேல் மல்லிகை மொட்டு குவியல் குவியலாக. தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே பறித்து, உசிலம்பட்டியிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் முதல் வண்டியில் கொண்டு வந்தவை. மதுரை மல்லி என்று 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூ. அதன் நாற்று பெரும்பாலும் ராமேஸ்வரத்துக்குப் பக்கத்துத் தங்கச்சிமடத்திலிருந்து வருகிறது என்று மண்டிக்காரர் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கடற்கரை மணலில் வேர் பிடித்து, எங்கள் செம்மண்ணில் பூக்கிறது.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் நான் மலர்ந்து வெள்ளை வெளேரென்று இருந்த பூவை வாங்கியிருந்தேன். அழகுதான். ஆனால் மலர்ந்த மல்லிகை கிழவியான மல்லிகை. விடியலில் வாங்குகிற மொட்டு அரிசி மாதிரி இறுகி, அடியில் லேசான பச்சையோடு இருக்க வேண்டும், சாயங்காலம்தான் வாய் திறக்கும். காம்பு நீளமாக இருந்தால் கட்டுவது சுலபம். ஒரு கை அள்ளி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். நடுவில் ஊதா படிந்த மொட்டு அங்கங்கே இருந்தது. புழு விழுந்தது. கையில் நாலைந்து வந்தாலே அந்தக் குவியலை விட்டுவிடலாம். அடுத்த குவியலில் கையை உள்ளே விட்டேன். மேலே ஈரம், உள்ளேயும் சொதசொதவென்று ஈரம். தண்ணீரை எடை போட்டு வாங்க வேண்டாம் என்று நகர்ந்தேன். மூன்றாவது குவியலில் உள்ளே குளிர்ச்சி மட்டும் இருந்தது.

"என்ன வெலண்ணே?"

"தொள்ளாயிரம். முகூர்த்த நாளு தம்பி, சும்மா போனா ஆயிரம் ஆகும்."

நாலு நாள் முன்னால் நோட்டம் பார்க்க வந்தபோது இதே பூ 400. சித்திரை, வைகாசியில் மல்லிகை அமோகமாகப் பூத்து விலை இறங்கும். சில நாள் தாங்காமல் சென்ட் கம்பெனிக்குப் போகும். பனி மாதத்தில் செடி சுருங்கி, கிலோ இரண்டாயிரம், மூவாயிரம் என்று ஏறும். அதையெல்லாம் மீறி, முகூர்த்தம் என்று ஒன்று வந்துவிட்டால் பருவமாவது ஒன்றாவது. அடுத்த தடவை தேதி குறிக்கும்போதே பூ விலையையும் கேட்டுக்கொள்ளுங்கள் என்று அக்காவிடம் சொல்லலாம்தான். சொல்ல மாட்டேன்.

கிலோ 850 என்று இரண்டு கிலோ. வாழை இலையில் கொட்டி, மடித்து, நார் போட்டுக் கட்டித் தந்தார். பிளாஸ்டிக் பை நீட்டினார், வேண்டாம் என்றேன். வீட்டில் அம்மாவும் மனைவியும் பக்கத்து வீட்டு அத்தையும் வாழைநாரை நனைத்து வைத்துக்கொண்டு தயாராக இருந்தார்கள். உதிரியாக வாங்கிக் கட்டுவதன் லாபம் இது: எங்கள் வீட்டுக் கை நெருக்கத்துக்கு நூறு கிராமில் மூன்று முழம் வரும். தெருவில் முழம் போட்டு வாங்கினால், அது விற்கிறவர் கை முழம். அளக்கும்போது மணிக்கட்டு ஒரு மடக்கு மடங்கும். பூவுக்கும் பூவுக்கும் நடுவில் எறும்பு குடித்தனம் பண்ணலாம். கட்டி முடித்ததை ஈரத்துணியில் சுற்றி, மூங்கில் கூடையில் வைத்துக் காரில் காலடியில் வைத்தோம். ஏசிக் காற்று நேரே படாமல்.

மரிக்கொழுந்தும் கனகாம்பரமும் கொஞ்சம் வாங்கியிருந்தேன். சம்பங்கி மாலை சொல்லி வைத்த இடத்தில் தயாராக இருந்தது. அதில் சொல்ல ஒன்றுமில்லை.

பத்து மணிக்கு வரிசை இறங்கியது. இருபத்தொரு தட்டு. மாம்பழத் தட்டில் ஒன்று மஞ்சள், ஒன்று இன்னும் தோளில் பச்சை, ஒன்றில் கறுப்புப் பொட்டு. பார்வைக்கு அந்தப் பழைய தட்டு மாதிரி பளபளப்பு இல்லை. அக்கா குனிந்து மோந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அக்கா மகள் தலையில் வைத்த மல்லிகை அப்போதுதான் ஒன்றிரண்டு வாய் திறந்துகொண்டிருந்தது.

பந்தி முடிந்ததும் பெரியப்பாவைத் தேடினேன். இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார், பேனாக்கத்தி மட்டும் அதே கத்தி. கேட்காமலே காசாலட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். கீறினார். கொட்டை வரைக்கும் மஞ்சள். சாறு மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஓடியது. துண்டில் துடைத்துக்கொண்டார். இன்னொரு கீற்று. அப்புறம் இன்னொன்று. நான் காத்துக்கொண்டே நின்றேன்.

"பழம் கெடக்கட்டும் மாப்ள," என்றார் கொட்டையைச் சப்பிக்கொண்டே. "சாம்பார்ல என்ன ஒரே முருங்கக்காயா போட்டு வச்சிருக்கீக? அவரைக்கா கெடைக்கலயா?"